மண்டபத்தின் சாவி யாரிடம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிக்கிற தம்பி தங்கைகளிடமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி இது: "தோழர், ஈவென்ட் மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?"

கேள்வியிலேயே ஒரு தயக்கம் இருக்கிறது. சிலருக்கு அது கூச்சம். கல்யாண மண்டபத்து எடுபிடி வேலைதானே, அதற்கா டிகிரி வரைக்கும் படித்தோம்? வேறு சிலருக்கு அது பயம். செட்டிநாட்டு வீட்டு ஓட்டலில் கோட்டுப் போட்டு வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்கிற வேலை. எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதைக் கேட்டபிறகும் வைத்திருப்பார்களா?

என் பதில், போங்கள் என்பதுதான். ஆனால் எந்த இடத்துக்குப் போகிறோம், அந்த இடத்துக்கு என்ன வரலாறு இருக்கிறது, அங்கே போய் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பட்டியல் எழுதுகிற வேலை

நம் பகுதியில் இந்தத் தொழில் வளர்ந்த விதம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் கட்டிய பெரிய வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகள் பாரம்பரிய ஓட்டல்களாகிவிட்டன. கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் காரைக்குடியிலும் வெளியூர்க்காரர்கள் வந்து கல்யாணம் நடத்துகிறார்கள். கம்பெனிகள் மீட்டிங் வைக்கின்றன. சினிமாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகமும் சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருப்பதால் கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. 2024இல் காரைக்குடி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மண்டபங்கள் இன்னும் கூடும்.

இந்த இடங்களில் ஈவென்ட் மேனேஜர் என்ன செய்கிறார்? தேதி குறிக்கிறார். அட்வான்ஸ் வாங்குகிறார். பந்தல்காரர், மைக்செட்காரர், சமையல் மாஸ்டர், பூக்காரர், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, கேமராக்காரர் என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். யார் எந்த வாசல் வழியாக வருவது, யாருக்கு முன்வரிசை, யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யார் மேடையில், யார் மேடைக்குப் பின்னால், யாருக்கு எவ்வளவு கூலி, அது எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிற ஒரு தாளில் எழுதியிருக்கும். நிகழ்ச்சி முடிகிறவரைக்கும் அந்தத் தாள்தான் அங்கே சட்டம்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யார் எந்த வாசலில் வருவது, யார் எங்கே நிற்பது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, எந்த வேலையை யார் தொடுவது என்று எழுதி வைத்த தாளுக்கு நம் நாட்டில் வேறொரு பெயரும் உண்டு. அதன் பெயர் சாதி. சாதியைச் சடங்கு என்கிறோம், மனநிலை என்கிறோம், பொருளாதாரம் என்கிறோம். அதெல்லாம் சரி. ஆனால் ஊரில் அது கண்ணுக்குத் தெரிவது விழா நாளில்தான். திருவிழா, கல்யாணம், சாவு வீடு, கூட்டம் என்று நாலு பேர் கூடுகிற இடத்தில்தான் உன் இடம் எது, என் இடம் எது என்று சாதி வெளிப்படையாகச் சொல்கிறது.

1930, 1931: எழுதி வைத்த தடைகள்

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நம் மண்ணின் வரலாறே சாட்சி. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் இது பழைய இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகக் கூடின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, நிலத்தை மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும் என்பவற்றோடு விழா பற்றிய தடைகளும் அதில் இருந்தன. கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது. ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது. பல்லக்கு வேண்டுமானால் வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி எதையும் பயன்படுத்தக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இந்த இரண்டு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார். நூலகத்தில் கிடைக்கும். எடுத்துப் படியுங்கள்.

கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள் என்பதில் இருக்கிற நுணுக்கத்தைக் கவனியுங்கள். அவர்கள் கல்யாணமே செய்யாதே என்று சொல்லவில்லை. செய்துகொள், ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நாங்கள் எழுதித் தருவோம் என்றார்கள். விழாவை நிர்வகிக்கும் உரிமை யாரிடம் என்பதுதான் அங்கே சண்டை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று தோன்றும். அந்தத் திருத்தம் 3(1)(za) பிரிவில் புதுத் துணி உடுத்துவதை, செருப்புப் போடுவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையோ வண்டியோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுகிறது. 1931இல் இங்கே போட்ட பட்டியலுக்கு 84 ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் எழுதிய பதில் மாதிரியே அது இருக்கிறது. இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் அப்படிப் பெயர் சொல்லி எழுத வேண்டிய தேவை இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தேர் வடமும் ஒரு பட்டியல்தான்

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாட்டுக்கும் வடம், நான்கு நாட்டு அம்பலத்துக்கும் மரியாதை. அந்த நான்கு நாடுகளிலும் வாழ்கிற தலித் மக்களுக்கு வடத்தில் கை வைக்க இடமில்லை. 1998இல் உரிமை கேட்டுக் குரல் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அதன்பிறகு தேர் ஓடிய ஆண்டுகளும் உண்டு, எல்லோரும் சேர்ந்து இழுப்பதைவிடத் தேர் நிற்பதே மேல் என்று நின்ற ஆண்டுகளும் உண்டு. பல ஆண்டுகள் நின்ற தேர், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2024 ஜூனில், போலீஸ் காவலோடு, எல்லாத் தரப்பினரும் வடம் பிடிக்க ஓடியது.

இதே நாடுகளில் ஒன்றான உஞ்சனையில்தான் 1979இல் கோயில் விழா உரிமை தொடர்பான மோதலில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2018 மே 28 இரவு இதே மாவட்டத்தின் கச்சநத்தத்தில் ஊருக்குள் புகுந்து வெட்டியதில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முன்னோட்டமும் திருவிழா நேரத்து மரியாதைத் தகராறுதான். அந்த வழக்கில் 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே நிகழ்ச்சி நடத்துவது சின்ன வேலை, எடுபிடி வேலை என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யார் எங்கே நிற்பது என்ற ஒரே கேள்விக்காக இந்த மாவட்டத்தில் உயிர் போயிருக்கிறது.

இடம் கிடைக்காத மாநாடுகள்

நம் இயக்க வரலாற்றை மேடைப் பேச்சுகளின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை மண்டபங்களின் வரலாறாகப் படித்துப் பாருங்கள்.

1893 டிசம்பர் 23இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் பெருங்கூட்டம் கூட்டினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து, அப்படி நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போய்விடும் என்று 112 அடி நீள மனு, 3,412 கையெழுத்து. கூட்டம் நடந்த இடம் இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் மண்டபம்.

மகத். 1927 மார்ச் 19, 20. முதல் யோசனையையும் ஓடியாடிச் செய்த வேலையையும் தந்தவர்களில் முக்கியமானவர் ஆர்.பி. மோரே. அப்போது அவர் இருபதுகளில் இருந்த தலித் இளைஞர். மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க 40 ரூபாய்க்குத் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி தீர்மானம் போட்டு மூன்று ஆண்டு ஆகியும் நிலைமை அதுதான். அந்த 40 ரூபாய் யாரோ ஒரு தோழரின் கணக்கு நோட்டில் எழுதிய செலவு. அந்தக் கணக்கைவிடக் கூர்மையான தீண்டாமை ஒழிப்பு உரை உண்டா?

இரண்டாம் நாள் கூட்டம் முடிகிற நேரம். நன்றி சொல்ல எழுந்தது போல எழுந்த அனந்தராவ் சித்ரே, ஒரு பெரிய வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்யாமல் கலையக் கூடாது என்றார். அங்கிருந்துதான் ஊர்வலம் குளத்துக்குப் புறப்பட்டது. நன்றியுரைக்கு ஒதுக்கிய நேரம் வரலாற்றுத் திருப்பமானது அங்கேதான். ஊர்வலம் முடிந்து திரும்பியவர்கள் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆதிக்கச் சாதிக் கும்பல் புகுந்து அடித்தது. சாப்பாட்டை மண்ணில் கொட்டி மிதித்தார்கள். எதை உடைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பந்தியை உடைத்தார்கள்.

டிசம்பரில் மறுபடி மகத் மாநாடு. மாநாட்டுக்கு இடம் தர இந்துக்களில் ஆள் இல்லை. இடம் கொடுத்தவர் ஃபத்தேகான் என்ற முஸ்லிம். ஊர்க் கடைக்காரர்கள் சாமான் விற்க மறுத்ததால் அரிசி பருப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். பஸ்காரர்கள் ஏற்ற மாட்டார்கள் என்ற நிலையில் பாபாசாகேப் அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து பத்மாவதி என்ற கப்பலில் தாஸ்காவ் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே மகத் வந்தார்கள். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிந்தது. எரித்தது நமக்குத் தெரியும். எரிப்பதற்கு இடம் பிடித்தவர்கள், அரிசி சேர்த்தவர்கள், பந்தல் போட்டவர்கள் இல்லாமல் அந்தத் தீ எங்கே பற்றியிருக்கும்?

மண்டபத்தைப் பூட்டி ஆளை விலக்குகிற வித்தை இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 1939இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், உலகப் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு கான்ஸ்டிட்யூஷன் ஹால் என்ற அரங்கத்தைத் தர அதன் உரிமையாளர்களான பெண்கள் அமைப்பு மறுத்தது. அந்த ஏப்ரல் 9இல் அவர் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். அரங்கத்தின் பெயர் அரசியல் சாசனம். கதவில் தொங்கியது இனவெறி.

நம் அரசியல் சாசனம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. உறுப்பு 15(2) கடை, உணவகம், ஓட்டல், பொதுப் பொழுதுபோக்கு இடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29இல் கடை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேள்வி வந்தபோது, பாபாசாகேப் அதை விரிந்த பொருளில் விளக்கினார். உள்ளே நுழைய விடுவது மட்டும் கடையின் பொருள் அல்ல, நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் சேவையைப் பெறுகிற உரிமையும் அதில் அடக்கம் என்பது அவர் பதிலின் சாரம். வாடகைக்கு விடுகிற கல்யாண மண்டபத்தை இந்த விளக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். வாடகை தருகிறேன் என்கிறவருக்குச் சாதி பார்த்து மண்டபம் மறுப்பது சாசனத்தின் மீதே கை வைப்பது.

ஆனால் யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. அந்தத் தேதி புக்காகிவிட்டது, கறி சமைக்கக் கூடாது, எங்கள் சங்க உறுப்பினருக்குத்தான் என்று நாக்கு நயமாகப் புரளும். அந்தத் தேதி உண்மையிலேயே புக்காகியிருக்கிறதா என்பது புக்கிங் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு யாரிடம் இருக்கும்? மேனேஜரிடம். இதனால்தான் சொல்கிறேன், அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்கார வேண்டும்.

சாண்ட்விச் கணக்குப் போட்ட போராளி

இந்த வேலையைத் தத்துவம் தெரியாதவர்களின் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு பேயர்ட் ரஸ்டினை அறிமுகப்படுத்த வேண்டும். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு உரையை உலகம் அறியும். சுமார் 2,50,000 பேர் வந்த அந்தப் பேரணியை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கட்டி எழுப்பியவர் ரஸ்டின். எத்தனை பஸ், எங்கே நிற்பது, எத்தனை கழிப்பறை, குடிதண்ணீர் எங்கே, முதலுதவி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தொண்டர்கள் உட்கார்ந்து 80,000 சாப்பாட்டுப் பொட்டலங்கள் கட்டினார்கள். வெயிலில் கெட்டுப்போகிற எதையும் ரொட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது வரைக்கும் குறிப்புகள் போயின. நல்ல ஒலிபெருக்கி வேண்டும் என்று ரஸ்டின் பிடிவாதம் பிடித்தார். பேச்சுக் கேட்காத கூட்டத்தில் சலசலப்பு வரும், சலசலப்பைக் கலவரம் என்று எழுதக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பேரணிக்கு முன்பு அந்த ஒலிபெருக்கியை யாரோ நாசம் செய்தார்கள். அரசை நெருக்கி, ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவைக் கொண்டே அதைச் சரி செய்ய வைத்தார்கள். கனவு உரை கடைசி ஆள் வரைக்கும் கேட்டதற்கு அந்த மைக்செட்டும் காரணம்.

ரஸ்டின் ஒருபால் ஈர்ப்பாளர் என்பதால் அவரை முன்னிறுத்தத் தலைவர்களே தயங்கினார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் பொறுப்பை ஏற்று, ரஸ்டினைத் தன் துணையாக வைத்துக்கொண்டு வேலையை அவரிடம் கொடுத்தார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவு நேர்த்தியாகத் தயாரித்த அந்த நிகழ்ச்சி நிரலில் பெண்களில் ஒருவருக்குக்கூட முழு நீள உரைக்கு இடம் தரவில்லை. விடுதலைக்காக எழுதுகிற பட்டியலும் சிலரை வெளியே நிறுத்தும். நம் மேடைகளைப் பார்த்து இதைச் சொல்கிறேன்.

இலை எடுக்கிறவர் யார்?

இப்போது நம் ஊர் மண்டபத்துக்குள் வருவோம். செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகச் சொல்வார். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் என்று பெருமை சொல்வார். பின்வாசலைப் பற்றி யாரும் விளக்குவதில்லை. கேட்டரிங் விளம்பரங்களில் ஐயர் சமையல் என்று சாதியே வணிகப் பெயராகிறது. தலித் கை சமைத்தது என்று எந்த மெனு கார்டும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. 2018இல் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அரசுச் சமையலறையிலேயே இதுதான் நிலைமை.

பந்தி முடிந்தபின் எச்சில் இலை எடுக்கிற அம்மா, கழிப்பறை கழுவுகிற அக்கா, விடிய விடியக் குப்பை அள்ளுகிற அண்ணன் இவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணத்துக்கு நடுவில் செப்டிக் டேங்க் நிரம்பினால், மேனேஜர் போனை எடுத்து யாரைக் கூப்பிடுகிறார் என்பதும் தெரியும். அந்த ஒரு போன் ஓர் உயிரின் விலையாகலாம். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. முதலாளிக்குத் தெரியாது, கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டார் என்று தட்டிக்கழிக்கிற இடத்தில், முடியாது, இயந்திரம் வந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் அங்கே நிற்கிற மேனேஜர்.

அந்த வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வைத்து, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுக்க வைப்பது. துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதுவது. எல்லாத் தொழிலாளிக்கும் ஒரே இடத்தில், ஒரே தட்டில், சூடாகச் சாப்பாடு. மிச்சத்தைப் பையில் கட்டிக் கொடுப்பதைக் கூலியாக நினைக்கிற வழக்கத்தை நிறுத்துவது. வேலை பிரிக்கும்போது ஒரே தெரு ஆட்களே கழிப்பறைக்கும், வேறு தெரு ஆட்களே வரவேற்புக்கும் போகாமல் மாற்றிப் போடுவது. முன்பதிவு கேட்டு வருகிற யாருக்கும் நோட்டில் தேதி இருந்தால் தேதி கொடுப்பது. இவ்வளவுதான். ஆனால் சாதி இந்தச் சின்னச் சின்ன வரிகளில்தான் குடியிருக்கிறது.

"அதெல்லாம் முதலாளி விடுவாரா?"

கேட்க வேண்டிய கேள்வி. மேனேஜர் முதலாளி இல்லை. ரொம்பப் பேசினால் அடுத்த மாதம் வேலை இருக்காது. அதை மறைத்து உங்களை வீரவசனம் பேசி அனுப்ப எனக்கு மனமில்லை. முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். இவர் இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடக்காது என்ற இடத்துக்கு வாருங்கள். தனி ஆளாகப் பேசாமல், மைக்செட்காரர், சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளி எல்லோரையும் சேர்த்துச் சங்கமாகப் பேசுங்கள். மறுக்கப்பட்ட புக்கிங்குக்கும் தராத கூலிக்கும் தேதியோடு குறிப்பு வையுங்கள். நாளைக்கு அதுவே சாட்சி. மாநில அளவில் 2021இல் சட்டம் போட்டு அமைத்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது. வாய்ச்சொல்லைவிடத் தாளுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

வேறொருவர் மண்டபத்தில் மேனேஜராக இருப்பதோடு நிற்கவும் தேவையில்லை. தரமணி ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் தாட்கோ செலவில் நம் மாணவர்கள் படிக்கிற வழி இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. பந்தல், ஒலி ஒளி, கேட்டரிங் என்று நம் பெயரில் ஒரு கடை திறந்தால், மாநாட்டுக்கு இடம் தேடி அலைந்த நம் முன்னோரின் கடனில் கொஞ்சம் தீரும். இந்த உதவிகளைத் தேடிப் போய்க் கேளுங்கள், வீடு தேடி வராது.

இன்னொரு வாதமும் வரும். இந்தப் பெரிய வீடுகளின் பெருமையை விற்கிற வேலைக்கு நாம் ஏன் போக வேண்டும்? நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தச் சுவர்களுக்குச் சாந்து குழைத்தது யார், கல் சுமந்தது யார்? பின்வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளை முகப்பில் நின்று, வாருங்கள் என்று சொல்வது அந்த வீட்டின் வரலாற்றில் எழுத வேண்டிய வரி. அதோடு, வீட்டைச் சுற்றிக் காட்டும்போது தேக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிற வாய், வேலை செய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றும் சொல்லலாம். கேட்கிற விருந்தாளிகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, நம் இயக்கத் தோழர்களுக்கு. சாதி ஒழிப்பு மாநாடு நடத்துகிறோம். அதில் நாற்காலி அடுக்குவது எப்போதும் அதே பையன்கள், டீ போடுவது எப்போதும் பெண் தோழர்கள், மேடையில் எப்போதும் அதே ஐந்து பேர் என்றால் நம் பட்டியலையும் யாரோ பழைய ஆள்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். மண்டபம் கூட்டிப் பெருக்கிய அம்மாவுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டதா என்று கேட்காமல் யாரும் வண்டி ஏறக் கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சாய்தளம் இருக்கிறதா, பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறை இருக்கிறதா, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கூட்டம் முடியுமா என்று கேட்கிற தோழர் சித்தாந்தம் தெரியாதவர் அல்ல. மகத்தில் 40 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கி வைத்தவரின் வாரிசு அவர்.

ஆகவே அடுத்த மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது பேச்சாளர் பட்டியலை மட்டும் கேட்காதீர்கள். மண்டபம், சாப்பாடு, தண்ணீர், ஒலிபெருக்கி, துப்புரவு என்று ஐந்து பொறுப்பு இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டை உங்கள் கையில் வைத்திருங்கள்.

ஜெய்பீம்.